முதல் ஊசிக்கு முன்னாடி எடுக்கிற ஒரு மில்லி ரத்தம் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பச்சக்குழந்தைக்கு வர்ற மஞ்சள் பத்தி எழுதினதுல இருந்து வர்ற லெட்டர், மெயில் எல்லாமே பொறந்த குழந்தை கேள்விதாங்க. அதுலயும் பாதிக்கு மேல ஒரே விஷயம், "இன்ஃபெக்‌ஷன்னு சொல்லி என் குழந்தைக்கு ஊசி போட்டாங்க, அது தேவையா?" சரி, இந்த தடவை முழுக்க இதையே எடுத்துக்கலாம்னு வச்சுட்டேன். பல் முளைக்கிறது, பேச்சு வரலைன்னு கேட்டவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

கேள்வி: டாக்டரம்மா, எங்களுக்கு முதல் குழந்தை, ஆண், 38 வாரத்துல பொறந்தான். ராத்திரி 10 மணிக்கு என் வீட்டுக்காரிக்கு பனிக்குடம் உடைஞ்சு தண்ணி போயிருச்சு, மறுநாள் சாயங்காலம் 6 மணிக்குத்தான் டெலிவரி. வலியில இருக்கும்போது அவளுக்கு 101 டிகிரி காய்ச்சல். குழந்தை பொறந்ததும் நல்லா அழுதான், ஆனா மூச்சு வேகமா விடறான்னு என்.ஐ.சி.யூ.வுக்கு (பச்சக்குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) தூக்கிட்டு போய் ரெண்டு ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சுட்டாங்க. மறுநாள் காலையிலயே மூச்சு சரியாயிடுச்சு, பாலும் குடிச்சான். ரத்தத்துல கிருமி எதுவும் வளரலைன்னு ரிப்போர்ட் வந்தும் "7 நாள் முடிச்சுத்தான் அனுப்புவோம்"னு சொல்லிட்டாங்க. அவ வார்டுல, குழந்தை கண்ணாடிப் பெட்டியில, நான் நடுவுல பீச்சின பாலை கிண்ணத்துல எடுத்துட்டு ஓடிட்டு இருந்தேன். பில் 68,000. இப்ப குழந்தைக்கு 20 நாள், நல்லா இருக்கான். என் மச்சான் சொல்றார், எல்லாம் காசுக்காகத்தான்னு. டிஸ்சார்ஜ் சம்மரி அனுப்பியிருக்கேன், நேர்மையா சொல்லுங்க. – ஒரு தகப்பன், திருப்பூர்

பதில்: தம்பி, சம்மரியை ரெண்டு தடவை படிச்சேன். ஊசி ஆரம்பிச்சது சரிதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஏழு நாள் இழுத்தது எப்படின்னா, அதுக்கு நான் அந்த சம்மரியோட ரெண்டாவது பக்கத்துக்கு வரணும், கொஞ்சம் பொறுங்க.

தண்ணி போய் 18 மணி நேரம் தாண்டிட்டா, கர்ப்பப்பைக்குள்ள கிருமி மேல ஏற டைம் கிடைச்சிருச்சுன்னு நாங்க எடுத்துக்குவோம், உங்களுக்கு 20 மணி நேரம். அது ஒண்ணு மட்டும்னா, அதாவது மாசம் நிறைஞ்ச குழந்தை, அழுது, பால் குடிக்குது, நிறம் நல்லா இருக்கு, அம்மாவுக்கும் காய்ச்சல் இல்லன்னா, நான் ஊசியே போட மாட்டேன், அம்மா பக்கத்துலயே படுக்க வச்சு ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூச்சு, சூடு, பால் குடிக்கிறதுன்னு ரெண்டு நாள் பாத்துட்டு அனுப்பிடுவேன். மூச்சு வேகம் மட்டும் இருந்தாலும் அப்படித்தான், நுரையீரல்ல இருக்கிற தண்ணி வத்த சில மணி நேரம் ஆகும், நிறைய குழந்தைங்களுக்கு அது தானாவே சரியாகும். ஆனா உங்க பையனுக்கு தண்ணி, அம்மாவுக்கு காய்ச்சல், நிமிஷத்துக்கு 66 மூச்சு (60க்கு மேல போனா அது வேகம்), மூணும் ஒண்ணா சேந்து வந்திருக்கு. அந்த நேரத்துல அங்க நிக்கிற டாக்டருக்கு இது நுரையீரல் தண்ணியா நிமோனியாவான்னு தெரியாதுங்க. எக்ஸ்ரே எடுத்தாலும் பல நேரம் ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிக்கலாம்னு 12 மணி நேரம் காத்திருந்து, அது கிருமியாவே இருந்துட்டா, அந்த 12 மணி நேரத்தை யாராலயும் திருப்பி தர முடியாது. பச்சக்குழந்தைக்கு கிருமி ஏறினா பெரியவங்க மாதிரி குளிர் காய்ச்சல், உடம்பு வலின்னு படிப்படியா வராது. காலையில கொஞ்சம் மந்தம், மத்தியானம் பால் வேணாம், சாயங்காலம் உடம்பு சில்லுன்னு ஆகி மூச்சு நின்னு நின்னு வரும். அதனால ஆரம்பிக்கிற விஷயத்துல நாங்க எல்லாரும் பயந்தாங்கொள்ளிங்கதான், அப்படித்தான் இருக்கவும் வேணும்.

இப்ப ரெண்டாவது பக்கம். நர்ஸ் எழுதியிருக்கிற நேரத்தை பாருங்க. முதல் டோஸ் ராத்திரி 8.10. ப்ளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கிற டெஸ்ட்) சாம்பிள் எடுத்தது 11.30. உங்க கண்ணுல இது பட்டிருக்காது, ஆனா என் கண்ணு நேரா அங்கதான் போச்சு. ஏன்னா மருந்து உள்ள போனதுக்கு அப்புறம் எடுத்த ரத்தத்துல கிருமி வளரலைன்னா, கிருமி இல்லாததால வளரலையா, இல்ல இருந்த கிருமியை மருந்து அமுக்கிடுச்சான்னு கண்டுபிடிக்க வழியே கிடையாது. 48 மணி நேரத்துல "வளரலை"ன்னு ரிப்போர்ட் வந்தும் அந்த டாக்டரால அதை நம்பி ஊசியை நிறுத்த முடியல பாருங்க, அதுக்கு காரணம் காசுன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த 8.10ன்னுதான் சொல்லுவேன்.

கல்ச்சர்னா என்னன்னு கொஞ்சம் விவரமா சொல்லிடறேன், ஏன்னா இந்த முழு விஷயமும் அதுலதான் தொங்குது. குழந்தையோட புறங்கையில பட்டாணி அகலத்துக்கு ஒரு இடத்தை ஸ்பிரிட் போட்டு துடைச்சு, அது தானா காயற வரைக்கும் காத்திருந்து (ஊதி காய வைக்கிற ஆளுங்களை நான் பாத்திருக்கேன், வாயில இருக்கிற கிருமி மொத்தமும் அங்க வந்துடும்), குறைஞ்சது ஒரு மில்லி ரத்தம் எடுத்து பாட்டில்ல விடணும். மூணு கிலோ குழந்தைக்கு ஒரு மில்லி எடுக்கிறது லேசான வேலை இல்ல, நரம்பு நூல் மாதிரி இருக்கும், சொட்டு சொட்டா வரும், குழந்தை கத்தும், நம்ம கை கூட நடுங்கும், 0.3 மில்லி வந்ததும் போதும்னு விட்டுட தோணும். ஆனா ரத்தம் குறைய குறைய கிருமி அதுல மாட்டுற சான்ஸும் குறையும். ஒழுங்கா எடுத்து மெஷின்ல வச்சா, வளர்ற கிருமி பெரும்பாலும் 36 மணி நேரத்துக்குள்ள காட்டிக் கொடுத்துடும். இங்கிலாந்துல நைஸ்ங்கிற மருத்துவ அமைப்போட கைட்லைன் இதனாலதான் 36 மணி நேரத்துல கல்ச்சரைப் பாத்து, குழந்தையைப் பாத்து, சி.ஆர்.பி.யை (கிருமி, அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறுற ஒரு புரதம்) பாத்து, நிறுத்த முடியுமான்னு யோசின்னு சொல்லுது. நம்ம ஊர்ல 48ல இருந்து 72 மணி நேரம்னு வச்சுக்கறோம்.

சம்மரியில சி.ஆர்.பி.யும் இருக்கு, முதல்ல 18, மூணாம் நாள் 6. அது ரத்தத்துல ஏறவே 6ல இருந்து 12 மணி நேரம் ஆகும், அதனால பொறந்த உடனே எடுத்து நார்மல்னு சந்தோஷப்படறதுல அர்த்தம் இல்ல. கஷ்டமான பிரசவம், அம்மாவுக்கு காய்ச்சல், அம்மா வயித்துக்குள்ளயே குழந்தை மலம் போனது, இதுக்கெல்லாம் கூட 10ஐ தாண்டும். அந்த ஒரு நம்பரை வச்சு ஏழு நாள் போடறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு நாள் விட்டு எடுத்த ரெண்டும் கம்மியா இருந்து, கல்ச்சர் வளராம, குழந்தையும் நல்லா இருந்தா நிறுத்தறதுக்கு தைரியம் கொடுக்கும், அதுக்குத்தான் அது உபயோகம்.

நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்? மூணாம் நாள் பையன் அம்மாகிட்ட நல்லா சப்பி குடிக்கிறான், மூச்சு 45, சி.ஆர்.பி. 6. நிறுத்திட்டு, ஊசி இல்லாம இன்னொரு நாள் கண்ணு முன்னாடி வச்சிருந்து பாத்துட்டு அனுப்பியிருப்பேன்னு நினைக்கிறேன். ஆனா நான் இப்ப 20 நாள் கழிச்சு, குழந்தை நல்லா இருக்கான்னு தெரிஞ்சு, ஃபேன் கீழ உக்காந்து சொல்றேன். அவர் ராத்திரி டூட்டியில, நிறுத்தினதுக்கு அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா உங்க மச்சான் என்ன பண்ணுவார்னு யோசிச்சுக்கிட்டு முடிவு எடுத்திருப்பார். கோச்சுக்காதீங்க, அதுவும் ஒரு காரணம்தான்.

அடுத்த தடவை (உங்களுக்கோ உங்க சொந்தத்துல யாருக்கோ) குழந்தையை என்.ஐ.சி.யூ.வுக்கு தூக்கிட்டு போனாங்கன்னா ஊசி வேணுமா வேணாமான்னு அந்த நேரத்துல சண்டை போடாதீங்க. "கல்ச்சர் எடுத்துட்டுத்தானே முதல் டோஸ் போடறீங்க? எப்ப நிறுத்துறதுன்னு முடிவு பண்ணுவீங்க?" இந்த ரெண்டு கேள்வி போதும். குழந்தை ரொம்ப மோசமா இருந்து நரம்பே கிடைக்கலைன்னா கல்ச்சருக்காக ஊசியை தள்ளிப் போட மாட்டாங்க, தள்ளவும் கூடாது, அதையும் சேத்து சொல்லிடறேன்.

கேள்வி: நான் நர்சிங் மூணாம் வருஷம். இவ்வளவு குழப்பம் எதுக்கு மேடம், ரிஸ்க் இருக்கிற எல்லா குழந்தைக்கும் சேஃப்டிக்கு ரெண்டு நாள் ஆன்டிபயாடிக் போட்டுட்டா என்ன நஷ்டம்? – ஒரு மாணவி, புதுக்கோட்டை

பதில்: கண்ணு, இதே கேள்வியை 1950கள்ல அமெரிக்காவுல பெரிய பெரிய டாக்டர்ங்களே கேட்டாங்க. கேட்டதோட நிக்காம போட்டும் பாத்தாங்க. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி ஆஸ்பத்திரியில, தண்ணி போய் 24 மணி நேரத்துக்கு மேல ஆகி பொறந்த குறைமாசக் குழந்தைங்களுக்கு முன்னெச்சரிக்கையா குளோராம்ஃபெனிகால்ங்கிற ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க. குழந்தைங்க மூணாம் நாள் நாலாம் நாள் வயிறு உப்பி, உடம்பு சாம்பல் நிறமாகி செத்துப் போச்சுங்க. எதுவும் கொடுக்காத குழந்தைங்கள்ல நூத்துக்கு 19 இறந்துச்சு, குளோராம்ஃபெனிகால் கொடுத்ததுல நூத்துக்கு 60. 1959ல இது பேப்பரா வந்துச்சு, "க்ரே பேபி சிண்ட்ரோம்"னு நீ பரிச்சைக்கு படிக்கிறியே, அது இதுதான். அந்த மருந்தை உடைச்சு வெளியேத்துற சக்தி பச்சக்குழந்தை கல்லீரலுக்கு இன்னும் வரலைங்கிறது அப்புறம்தான் புரிஞ்சுச்சு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1956ல நியூயார்க்ல இதே மாதிரி முன்னெச்சரிக்கையா சல்ஃபா வகை மருந்து கொடுத்த குறைமாசக் குழந்தைங்களுக்கு மஞ்சள் மூளைக்கு ஏறி இறந்தது கண்டுபிடிச்சாங்க. ரெண்டு இடத்துலயும் எண்ணம் நல்ல எண்ணம்தான்.

இப்ப நாம போடுற ஆம்பிசிலின், ஜென்டாமைசின் அப்படி இல்ல, ரொம்ப காலமா பழகின மருந்துங்க. ஆனா நஷ்டம் வேற ரூபத்துல வருது. டெல்லியில மூணு பெரிய ஆஸ்பத்திரியில 2011ல இருந்து 2014 வரைக்கும் பொறந்த குழந்தைங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2016ல லான்செட் குளோபல் ஹெல்த்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. குழந்தைங்க ரத்தத்துல அதிகமா கிடைச்ச கிருமி அசினெட்டோபாக்டர், அதுல 82 சதவீதம் பல மருந்துக்கும் அடங்காதது. அடுத்தது கிளெப்சியெல்லா, அதுல 54 சதவீதம். இதெல்லாம் அம்மாவோட வயித்துல இருந்து வர்ற கிருமின்னு சொல்றதை விட வார்டுல, பிரசவ அறையில, நம்ம கையில இருந்து போறதுன்னு சொல்றதுதான் பொருத்தம். ஒரு யூனிட்ல எல்லா குழந்தைக்கும் சும்மா சும்மா போட்டா அடுத்த பெட்ல படுத்திருக்கிற 1200 கிராம் குழந்தைக்கு உண்மையிலேயே கிருமி வரும்போது நம்ம மருந்து எதுவும் கேக்காது. அதுபோக, குறைமாசக் குழந்தைக்கு கல்ச்சர்ல ஒண்ணும் வளராமலேயே 5 நாளுக்கு மேல ஊசி போட்டதுக்கும் குடல் அழுகி போற நோய்க்கும் சாவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு 2009லயே அமெரிக்காவுல கணக்கு எடுத்து சொல்லிட்டாங்க.

நீ ஒரு குழந்தையைத் தொட்டுட்டு அடுத்த குழந்தைகிட்ட போறதுக்குள்ள ஹேண்ட் ரப் போட்டு, அது காயற வரைக்கும் தேய்ச்சேன்னா நான் எழுதுற ஊசியில பாதி தேவைப்படாது. வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டி வச்சுட்டு போ. சீனியர் திட்டினாலும் பரவாயில்ல.

கேள்வி: எங்க காலத்துல ஏழு பெத்தோம், இந்த என்.ஐ.சி.யூ.வா கண்டோம்? பேத்திக்கு 6 நாளு ஆகுது. பால் குடிக்காம தூங்கிக்கிட்டே கிடந்தா, சீர் தட்டிருக்கும்னு மந்திரிக்க கூட்டிட்டு போகலாம்னு சொன்னேன். மருமக என்கூட சண்டை போட்டு பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடிட்டா. இப்ப அங்க ஊசி போட்டுக்கிட்டு கெடக்குது. பச்ச மண்ணுக்கு இத்தன ஊசியா? – ஒரு பாட்டி, கம்பம் (பேரன் டைப் பண்ணி அனுப்பினது)

பதில்: பெரியம்மா, உங்க மருமகளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

நான் பி.ஜி. படிக்கிறப்ப ஒரு அம்மா 5 நாள் குழந்தையை தூக்கிட்டு வந்துச்சு. "நேத்து குடிச்ச மாதிரி இன்னைக்கு குடிக்கலை"ங்கிறது மட்டும்தான் கம்ப்ளைண்ட். காய்ச்சல் இல்ல, சளி இல்ல, நான் நெஞ்சுல ஸ்டெத்தை வச்சுப் பாத்துட்டு நல்லாத்தானே இருக்குன்னு உக்கார வச்சுட்டேன். எங்க யூனிட்ல இருந்த வயசான ஒரு நர்சம்மா வந்து, ஒண்ணும் பேசல, புறங்கையால குழந்தை வயித்தைத் தொட்டாங்க, அதே புறங்கையால பாதத்தைத் தொட்டாங்க. அப்புறம் பெருவிரலால நெஞ்செலும்பு மேல அஞ்சு எண்ற வரைக்கும் அழுத்தி எடுத்தாங்க. அழுத்தின இடம் வெள்ளையாவே நின்னுச்சு, மூணு செகண்டுக்குள்ள ரத்தம் திரும்பி வரணும், வரல. வயிறும் சில்லு, பாதமும் சில்லு. "டாக்டர், லைன் போடுங்க"ன்னாங்க. அன்னைக்கு நான் கத்துக்கிட்டது புக்ல இல்லாத பாடம் எல்லாம் இல்ல, புக்ல இருந்ததுதான், நான்தான் காய்ச்சலைத் தேடிக்கிட்டு நின்னேன். பச்சக்குழந்தைக்கு கிருமி ஏறினா பல சமயம் உடம்பு சுடறதுக்குப் பதிலா சில்லுன்னு ஆகும், குறைமாசம்னா இன்னும் அதிகம். அந்தக் குழந்தை 14 நாள் ஊசிக்கு அப்புறம் வீட்டுக்குப் போச்சு.

நீங்க சீர், தோஷம், மாந்தம்னு சொல்றதுல நிறைய இதுதான் பெரியம்மா. பால் சப்பாம தூங்கிட்டே கிடக்கிறது, முனகறது, நெஞ்சுக்கூடு உள்வாங்குறது, கை கால் வெட்டி இழுக்குறது, தட்டினாத்தான் அசையறது, உடம்பு சில்லுன்னு ஆகறது இல்லன்னா கொதிக்கிறது, உச்சிக்குழி புடைச்சு நிக்கறது, தொப்புளைச் சுத்தி சிவந்து நாத்தம் வர்றது. இதுல ஒண்ணு இருந்தாலும் மந்திரிக்க போற வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க, வண்டி இல்லன்னா 108 கூப்பிடுங்க.

ஏழு பெத்தேன்னு சொன்னீங்க. ஏழும் நின்னுச்சான்னு நான் கேக்கல, உங்களுக்கே தெரியும்.

ஊசி அதிகம்னு நினைக்கிறீங்கல்ல, மகாராஷ்டிராவுல கட்சிரோலின்னு ஒரு காட்டுப் பக்கத்து மாவட்டம். அங்க அபய் பாங், ராணி பாங்னு டாக்டர் தம்பதி, 39 கிராமத்துல அந்தந்த ஊர் பொம்பளைங்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடா போய் பச்சக்குழந்தையைப் பாக்க வச்சாங்க. இந்த அறிகுறி தெரிஞ்சு, பெத்தவங்க ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதுன்னு சொன்னா ஜென்டாமைசின் ஊசியும் ஒரு சிரப்பும் அவங்களே கொடுத்தாங்க. கிருமி ஏறின குழந்தைங்கள்ல நூத்துக்கு 17 கிட்ட செத்துட்டு இருந்தது 3க்குள்ள வந்துடுச்சு. 1999ல லான்செட்ல வந்துச்சு, உலகமே திரும்பிப் பாத்துச்சு. தேவைப்படுற குழந்தைக்கு அந்த ஊசிதான் உயிர்.

இன்னும் ரெண்டு விஷயம் பேரன் லெட்டர்ல எழுதியிருக்கான், நீங்க சொல்லச் சொல்லி எழுதினானான்னு தெரியல. சேனை தொட்டு வச்சது, தெருவுல வந்தவன்கிட்ட ஒரு சங்கு கழுதைப்பால் வாங்கி ஊத்தினது. இனிமே வேணாம். தாய்ப்பாலைத் தவிர எது வாயில போனாலும் அது கிருமிக்கு கதவைத் திறந்து விடற மாதிரி. தொப்புள்ல விபூதி, மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்காம காய விட்டுடுங்க. குழந்தை மாரு கட்டியிருக்குன்னு பீச்சிப் பால் எடுக்காதீங்க, அது அம்மாவோட ஹார்மோனால வர்றது, தானா போயிடும், பீச்சினா சீழ் கட்டும். நான் அதுக்கு கத்தி வச்சு சீழ் எடுக்க அனுப்பின குழந்தைங்க உண்டு.

ஊசி எத்தனை நாள்னு கேட்டா, கல்ச்சர்ல கிருமி வளந்திருந்தா 10ல இருந்து 14 நாள், மூளைக்காய்ச்சல்னா 21 நாள். முதுகுல நீர் எடுக்கணும்னு சொன்னா பயந்து தடுத்துடாதீங்க, மூளைக்காய்ச்சலா இல்லையான்னு அதுலதான் தெரியும், அது தெரியாம எத்தனை நாள்னு முடிவு பண்ண முடியாது. மருமக சாப்பிட்டாளான்னு பாருங்க, பால் பீச்சிக் கொடுக்கணும் அவ.

கேள்வி: என் அக்கா நியூஜெர்சியில இருக்கா. அவளுக்கு 36 வாரத்துல ஏதோ ஸ்ட்ரெப்னு டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவ்னு பிரசவ வலியில பெனிசிலின் ட்ரிப்ஸ் போட்டாங்க. குழந்தைக்கு ஊசி வேணுமான்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு வேணாம்னு சொல்லிட்டாங்களாம். எனக்கு இப்ப 33 வாரம், என் டாக்டர்கிட்ட கேட்டா இங்க அதெல்லாம் வழக்கம் இல்லைங்கிறாங்க. நம்ம ஊர் அவ்வளவு பின்தங்கியா இருக்கு? – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அது குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ங்கிற கிருமி, அம்மா. அந்த ஊர்ல பச்சக்குழந்தைக்கு முதல் வாரத்துல வர்ற இன்ஃபெக்‌ஷன்ல அதுக்கு பெரிய பங்கு, அதனால எல்லா கர்ப்பிணிக்கும் 36, 37 வாரத்துல டெஸ்ட். இங்கிலாந்துலயே எல்லாருக்கும் எடுக்கிறது இல்ல, ரிஸ்க் இருந்தாத்தான். நம்ம ஊர்ல அந்தக் கிருமி கம்மி, மேல சொன்ன கிளெப்சியெல்லா கும்பல்தான் அதிகம், அதுக்கு பெனிசிலின் ட்ரிப்ஸ் வேலைக்கு ஆகாது. ஆனா உங்களுக்கு யூரின்ல அந்த ஸ்ட்ரெப் வந்திருந்தாலோ, முன்னாடி ஒரு குழந்தைக்கு அதனால சீரியஸ் ஆகியிருந்தாலோ கண்டிப்பா உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க, பிரசவத்துக்கு 4 மணி நேரம் முன்னாடியாவது மருந்து உள்ள போயிருக்கணும்.

அந்த கம்ப்யூட்டர் கணக்கு நல்ல விஷயம்தான், கலிஃபோர்னியாவுல கைசர் பெர்மனென்ட்டேங்கிற ஆஸ்பத்திரிக் குழுமம் உண்டாக்கினது. எத்தனை வாரம், அம்மாவோட அதிகபட்ச காய்ச்சல், தண்ணி போய் எத்தனை மணி நேரம், ஸ்ட்ரெப் உண்டா, எப்ப மருந்து போட்டாங்க, குழந்தை எப்படி இருக்குன்னு போட்டா ஆயிரத்துக்கு இவ்வளவு ரிஸ்க்னு காட்டும். அதை வச்சு அங்க முதல் 24 மணி நேரத்துல ஊசி போட்டுக்கிற குழந்தைங்க 5 சதவீதத்துல இருந்து 2.6 ஆ குறைஞ்சாங்க, 2017ல வெளியிட்டாங்க, குழந்தைங்களுக்கும் கெடுதல் வரல. ஆனா அந்தக் கணக்கு ஆரம்பிக்கிறதே "எங்க ஊர்ல ஆயிரத்துல ஒரு குழந்தைக்கும் கம்மியாத்தான் வரும்"ங்கிற இடத்துல இருந்து. நம்ம வார்டோட கணக்கு வேற, கிருமியும் வேற. அதே கணக்கை ஃபோன்ல நம்ம குழந்தைக்கு போட்டுப் பாத்து நிம்மதி ஆயிடாதீங்க. அந்தக் கணக்குல எனக்குப் பிடிச்சது கடைசிக் கேள்விதான், "குழந்தை இப்ப எப்படி இருக்கு?" மத்த நம்பர் என்ன சொன்னாலும் அந்த ஒரு பதில் மொத்தத்தையும் புரட்டிடும். அதுக்கு கம்ப்யூட்டர் வேணாம், ஒரு ஆள் திரும்பத் திரும்ப வந்து பாக்கணும், அவ்வளவுதான். நம்ம ஊர்ல அந்த ஆள்தான் பத்த மாட்டேங்குது.

கேள்வி: என் குழந்தைக்கு 10 நாள் அமிகாசின் போட்டாங்க. காது கேக்காம போயிடும்னு யூட்யூப்ல பாத்ததுல இருந்து தூக்கமே இல்ல. – ஒரு தாய், விழுப்புரம்

பதில்: முதல்ல யூட்யூபை மூடுங்க. ஜென்டாமைசின், அமிகாசின் வகைக்கு காதையும் கிட்னியையும் பாதிக்கிற குணம் உண்டு, அது உண்மை, அதனாலதான் எடை, வயசு பாத்து இடைவெளி விட்டு போடறாங்க. போட்டுக்கிற குழந்தைங்கள்ல ரொம்பப் பேருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. அம்மா வழியில வர்ற ஒரு மரபணு மாற்றம் இருந்தா மட்டும் கொஞ்சம் மருந்துக்கே காது போகலாம், அதனால உங்க அம்மா பக்கம் யாருக்காவது ஊசி போட்டதுக்கு அப்புறம் காது போயிருந்தா டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க.

காது டெஸ்ட் எடுத்தாச்சான்னு பாருங்க. காதுக்குள்ள சின்ன முனை வச்சு எடுக்கிற ஓ.ஏ.ஈ. மட்டும் உங்க குழந்தைக்குப் போதாது, என்.ஐ.சி.யூ.வுல 5 நாளுக்கு மேல இருந்த குழந்தைக்கு பெரா டெஸ்ட்டும் வேணும், தலையில ஒயர் ஒட்டி தூங்கும்போது எடுப்பாங்க. ஒரு மாசத்துக்குள்ள முதல் டெஸ்ட், அதுல தேறலைன்னா மூணு மாசத்துக்குள்ள உறுதி பண்ணி, ஆறு மாசத்துக்குள்ள காது மெஷின் வச்சு ஆரம்பிச்சுடணும். "தேறல"ன்னு ஒரு தடவை வந்தா உடனே அழுதுடாதீங்க, காதுல இருக்கிற பிரசவ அழுக்குக்குக் கூட அப்படி வரும்.

கேள்வி: 12 நாள் குழந்தைக்கு மூக்கடைப்பு. மூத்தவனுக்கு வாங்கின ஆன்டிபயாடிக் சிரப் பாதி இருந்துச்சு, மெடிக்கல்ல கேட்டு ரெண்டு சொட்டு கொடுத்தோம். தொடரலாமா? – சேலம்

பதில்: நிறுத்துங்க. மூக்கடைப்புக்கு சலைன் சொட்டு போதும், அதுக்கு மேல எதுவும் வேணாம். தண்ணி கலந்த ஆன்டிபயாடிக் சிரப் ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு மேல வேலைக்கே ஆகாது, அதுக்கு மேல பெரிய குழந்தையோட மருந்து வேற. என் பயம் அது இல்ல. 12 நாள் குழந்தைக்கு உள்ள கிருமி ஏதும் இருந்தா அந்த ரெண்டு சொட்டு அதை கொல்லாது, கல்ச்சர்ல தெரியாத அளவுக்கு மட்டும் அமுக்கி வைக்கும். இன்னைக்கே குழந்தை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. போகும்போது அந்த பாட்டிலையும் எடுத்துட்டு போங்க, என்னைக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை கொடுத்தீங்கன்னு மறைக்காம சொல்லுங்க.